கழுத்தளவுத் தண்ணீர்

மரக்காணத்திலிருந்து திண்டிவனம் போகிற சாலையில், உப்பளங்களின் வெள்ளை முடிந்து முந்திரிக்காட்டின் பச்சை தொடங்கும் இடத்தில் ஒரு செம்மண் பாதை பிரிகிறது. பாதையின் கடைசியில் இருக்கிற பூங்காவைச் சனங்கள் பாரஸ்ட் பார்க் என்கிறார்கள். தைலமரங்களுக்கு நடுவே ஒரு ஏரி, அன்னப்பறவை வடிவத்தில் ஆறு பெடல் போட்டுகள், இரண்டு துடுப்புப் படகுகள், கயிறும் மிதவையும் கட்டிப் பிரித்த குளிக்கும் இடம். கரையோரத்தில் மஞ்சள் பனியன் போட்ட ஒருவன் விசில் தொங்கவிட்டு நிற்பான். பனியனின் முதுகில் 'உயிர்காப்பாளர்' என்று எழுதியிருக்கும். அவன்தான் கன்னியப்பன்.

பூங்காவைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர் சிவப்பிரகாசம். அவர் ஆள் எடுத்த அன்று நடந்ததைக் கன்னியப்பன் பிற்பாடு பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறான். அன்றைக்கு வானூரிலிருந்து வந்திருந்த ஒரு பையனை ஏரியில் இரண்டு தடவை குறுக்கே நீந்தச் சொன்னார்கள். பையன் நீந்திக் கரையேறி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். அடுத்தது கன்னியப்பன். எந்த ஊர் என்று சிவப்பிரகாசம் கேட்டார். கடற்கரைக் குப்பத்தின் பெயரைச் சொன்னான்.

"அப்போ உனக்கு என்னப்பா டெஸ்ட்டு வைக்கிறது? மீனை நீஞ்சிக் காட்டுன்னு சொன்ன மாதிரி இருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். கன்னியப்பனும் சிரித்தான். வேலை அவனுக்கே கிடைத்தது.

அவன் பொய் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷம் கடலுக்குப் போனவன். வலை இழுத்து இழுத்து இடது தோள் விட்டுப்போன பிறகுதான் கரையில் வேலை தேடினான். கடலில் நாலைந்து தடவை விழுந்திருக்கிறான். ஒவ்வொரு தடவையும் உப்புத் தண்ணீர் அவனைத் தூக்கிப் பிடித்தது. பத்துக் கை தூரத்தில் போட்டு இருந்தது. போட்டிலிருந்து ஒரு கயிறோ ஒரு கையோ நீண்டது. அதற்குப் பெயர் நீச்சலா இல்லையா என்று குப்பத்தில் யாரும் யோசித்ததில்லை. கடல்காரனுக்குத் தண்ணீர் தெரியும் என்பது ஊர் உலகத்துக்கு எவ்வளவு நிச்சயமோ அவனுக்கும் அவ்வளவு நிச்சயம்.

அந்த நிச்சயத்தில்தான் அவன் வேலைக்கு வந்த ஒன்பது மாதமும் அந்த ஏரியில் ஒருநாளும் முங்கவில்லை. அதை 'எருமைக் குட்டை' என்பான். லைஃப் ஜாக்கெட் போடாமல் யாரையும் படகில் ஏற்ற மாட்டான், தன்னுடையதை மட்டும் டிக்கெட் கொட்டகை ஆணியில் மாட்டியிருப்பான். கேட்டால், நாய்க்குட்டிக்குத்தான் கழுத்துப்பட்டை வேண்டும் என்பான்.

ஏரியில் ஆகாயத்தாமரை எடுக்கத் தினக்கூலிக்கு வருகிறவர்களில் தனக்கோடி ஒருத்தி. வயது முப்பத்தைந்து இருக்கும். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை நின்றுவிடும், அப்போது பூங்காவுக்கு வருவாள். மூங்கில் துறட்டியால் இலைக்கூட்டத்தைக் கொத்தி இழுத்துக் கரையில் குவிப்பாள். அவளைக் கண்டால் கன்னியப்பன் சும்மா விடமாட்டான்.

"ஏம்மா, உப்பளத்துல கணுக்கால் தண்ணி. இங்க பாத்து எறங்கு. முழுகிடப் போற."

"நீங்கதான் இருக்கீங்களே ண்ணா, தூக்கிட மாட்டீங்களா?"

அவள் பிறந்தது பெருமுக்கல் பக்கம். கல் உடைக்கிற குடும்பம். கைவிடப்பட்ட குவாரிப் பள்ளங்களில் மழைத்தண்ணீர் நின்று நாற்பதடி ஐம்பதடி ஆழம் இருக்கும், அதில் குதித்து வளர்ந்தவள். இதெல்லாம் கன்னியப்பனுக்குப் பின்னால்தான் தெரிந்தது. அதுவரை அவன் கேட்கவும் இல்லை.

காணும் பொங்கலன்று பூங்காவில் தலைகள்தான் தெரிந்தன. மதியம் மூன்று மணிக்கு, புதுச்சேரியிலிருந்து வந்த ஒரு குடும்பம் பெடல் போட்டில் ஏரியின் வளைவு வரை போய்விட்டது. அங்கே கோரை அடர்ந்திருக்கும், கரையிலிருந்து பார்த்தால் தெரியாது. சாலை போடுவதற்கு எப்போதோ மண் எடுத்த பள்ளம் அந்த இடத்தில் இருப்பதால் போகக்கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள். படம் எடுப்பதற்காகத் தாய் தன் மகளின் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றியிருக்கிறாள். ஆறு வயதுப் பெண், தாமரை இலையைத் தொடக் குனிந்தவள் தலைகுப்புறப் போய்விட்டாள்.

அலறலைக் கேட்டுக் கன்னியப்பன் கரையோரமாக ஓடினான். தோள் வலி மறந்துபோனது. குழந்தையின் கை மேலே தெரிந்து மறைந்தது. பெற்றோர் இருந்த போட்டு காற்றில் விலகிக் கோரை மறைவுக்குள் போய்விட்டது, அங்கிருந்து அவர்களுக்கு எதுவும் தெரியாது. யோசிக்காமல் குதித்தான். அந்த ஒரு கணம் மட்டும் அவன் இன்றைக்கும் நினைத்துப் பார்க்கக் கூசாத கணம்.

தண்ணீர் அவனைத் தூக்கவில்லை. கடலில் தானாக மேலே வருகிற உடம்பு இங்கே கல்லாக இறங்கியது. காலை உதைத்தான், கொடி சுற்றியது. மறுபடி உதைத்தான், இன்னும் சுற்றியது. கண்ணைத் திறந்தால் கலங்கல். ஒருமுறை மேலே வந்து மூச்சு இழுத்தபோது பாதி தண்ணீராக உள்ளே போனது. போட்டைத் தேடினான். கயிறைத் தேடினான். அந்த நேரத்தில் குழந்தை அவன் நினைப்பிலேயே இல்லை.

தனக்கோடி அந்த வளைவில்தான் வேலை செய்துகொண்டிருந்தாள். அவள் செய்ததைக் கன்னியப்பன் துண்டு துண்டாகத்தான் பார்த்தான், மூழ்கி எழுந்த இடைவெளிகளில். முதலில் துறட்டியை நீட்டினாள், எட்டவில்லை. தண்ணீரில் புடவை காலைச் சுற்றும் என்று தெரிந்தவள் அவள். உருவிக் கரையில் போட்டுவிட்டு, பாவாடை ரவிக்கையோடு இறங்கி மல்லாந்து, கொடிகளின் மேலேயே வழுக்கிக்கொண்டு போனாள். குழந்தையின் தலைமுடியைப் பிடித்து, தன் மார்மேல் கிடத்தி, அதே மாதிரி பின்னோக்கி வந்தாள். கால் தரையில் பட்ட இடத்தில் நின்று குழந்தையை உலுக்கினாள். குழந்தை இருமி அழுதது.

பிறகு அவனைப் பார்த்தாள். கிட்டே வரவில்லை. முழுகுகிறவன் கிட்டே போனால் அவன் நம்மேல் ஏறி நம்மையும் அமுக்குவான் என்பது குவாரியில் பிள்ளைகள் படிக்கிற முதல் பாடம். குழந்தையோடு கரைப்பக்கம் நகர்ந்து, அங்கே கிடந்த புடவையை எட்டி இழுத்து, ஒரு முனையைச் சுருட்டி அவனை நோக்கி வீசினாள்.

"கையில சுத்திக்கோ. ஒதைக்காத. ஒதைக்காதன்றேன்ல."

ண்ணாவும் இல்லை, ங்கவும் இல்லை. அவன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு உதைப்பதை நிறுத்தினான். அவள் இழுத்தாள். அவனுடைய காலும் தரையைத் தொட்டது.

இரண்டு பேரும் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றார்கள். வளைவுக்கு அப்பால் சனங்கள் ஓடிவருகிற சத்தம் கேட்டது. அவள் குழந்தையை அவன் தோளில் வைத்தாள்.

"நீங்க தூக்கிட்டு ஏறுங்க ண்ணா. நான் இப்படியே வர முடியாது."

அவன் ஏறினான். கரையில் கால் வைத்தபோது பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. சத்தமாக இல்லை.

"ண்ணா, பொடவை."

புடவை அவன் மணிக்கட்டில் சுற்றியிருந்தது. அரக்கு நிறத்தில் அதன் நீளமெல்லாம் அவனுக்குப் பின்னால் தரையில் இழுபட்டு வந்துகொண்டிருந்தது. அவள் சொன்னது அவன் காதில் விழுந்தது. நன்றாகவே விழுந்தது. ஆனால் அதற்குள் முதல் ஆள் கோரையைத் தாண்டிவிட்டான், இரண்டாவது ஆள் கையில் செல்போன் இருந்தது. கன்னியப்பன் திரும்பவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தை நோக்கி நடந்தான்.

அந்த இருபது விநாடி வீடியோவை இரண்டு நாளில் மாவட்டமே பார்த்தது. தண்ணீரிலிருந்து எழுந்து வருகிற மஞ்சள் பனியன், தோளில் குழந்தை, கையிலிருந்து இழுபடுகிற ஈரத்துணி. துணி குழந்தையுடைய அம்மாவின் துப்பட்டா என்று சிலர் எழுதினார்கள். குப்பத்தில் அவனுக்கு மாலை போட்டார்கள். மனைவி ரேகா வீடியோவைப் பார்த்துப் பார்த்து அழுதாள். எட்டாம் வகுப்பு படிக்கிற மகள் பூஜா அதைத் தன் ஸ்டேட்டஸில் வைத்து, 'எங்க அப்பா' என்று எழுதினாள். தூக்கத்தில் அவன் காலை உதறுவதாக ரேகா சொன்னபோது, அசதி என்றான்.

புடவையை யாரும் கேட்கவில்லை. அவன் அதைப் பிழிந்து, துடுப்பு வைக்கிற பெட்டிக்கு அடியில் சொருகி வைத்தான்.

மூன்றாம் நாள் சிவப்பிரகாசம் கூப்பிட்டார். தனக்கோடி அவர் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். பார்வையாளர் நோட்டில் யாரோ புகார் எழுதியிருந்தார்கள். பண்டிகை நாளில், குடும்பத்தோடு வருகிற இடத்தில், வேலைக்காரப் பெண்ணொருத்தி பாவாடையோடு ஏரியில் அரைமணி நேரம் குளித்துக்கொண்டிருந்தாள், பார்க்கவே அசிங்கமாக இருந்தது என்று. தனக்கோடி நடந்ததைச் சொல்லியிருக்கிறாள். சிவப்பிரகாசத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"என்னப்பா கன்னியப்பா, குப்பத்து ஆளை இந்தம்மா காப்பாத்துச்சாம். கேட்டியா?"

தனக்கோடி அவனைப் பார்க்காமல் மேஜை மேலிருந்த நோட்டைப் பார்த்தாள்.

"அவளும் தண்ணியிலதான் இருந்தா சார்" என்றான் கன்னியப்பன்.

அதில் பொய் ஒரு சொல்கூட இல்லை. அதனாலேயே அந்த வாக்கியம் அவனை விடவில்லை. சாப்பிடும்போது வந்தது, விசில் ஊதும்போது வந்தது. பச்சைப் பொய்யாகச் சொல்லியிருந்தால் ஒருவேளை மறந்திருப்பான்.

திங்கட்கிழமையிலிருந்து தனக்கோடி வரவில்லை. வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

பிப்ரவரி பிறந்ததும் சிவப்பிரகாசத்துக்கு ஒரு யோசனை வந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு நீர்ப் பாதுகாப்பு விழிப்புணர்வு நாள். ஒரு பொம்மையை ஏரியில் போட வேண்டியது, கன்னியப்பன் பாய்ந்து போய் எடுத்துவர வேண்டியது, பிள்ளைகள் பார்க்க வேண்டியது. அதுவும் சம்பவம் நடந்த அதே வளைவிலேயே. வீடியோவிலிருந்து எடுத்த படத்தைப் போட்டு பேனர் அடித்தாகிவிட்டது. வருகிற பள்ளிகளில் பூஜாவின் பள்ளியும் ஒன்று. வகுப்பில் டீச்சர் அவளை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்ட வைத்ததாக அவள் வந்து சொன்னாள்.

நிகழ்ச்சிக்கு முந்தின நாள் காலையில் கன்னியப்பன் பெட்டிக்கு அடியிலிருந்து புடவையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு உப்பளத்துக்குப் போனான்.

உப்பு விளைவதற்கு முன்னால் பாத்திகளின் களிமண் தரையை மிதித்து இறுக்க வேண்டும். பத்துப் பெண்கள் வரிசையாக ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு மிதித்துக்கொண்டிருந்தார்கள். வரிசையின் கடைசியில் தனக்கோடி இருந்தாள், அவள் தோளுக்கும் முன்னால் இருந்தவளுக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கிற இடைவெளி. அவனைக் கண்டதும் முன்னால் இருந்தவர்கள் தங்களுக்குள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அவள் பாத்தி வரப்புக்கு வந்தாள்.

அவன் மன்னிப்பு கேட்கத்தான் போனான். வாயில் வந்தது வேறு. நாளைக்கு ஷோ இருக்கிறது, அந்தப் பள்ளத்தில் இறங்க வேண்டும், மல்லாந்து போவது எப்படி என்று கேட்டுவிட்டான். கேட்டு முடிக்கும்போதே தான் என்ன கேட்கிறோம் என்று அவனுக்கு உறைத்தது. அவள் கோபப்படவில்லை.

"ஒரு நாள்ல வராது ண்ணா" என்றாள்.

பிறகு அவளாகவே சொன்னாள். அவள் ஊருக்குப் பேச்சு வந்துவிட்டது. பார்க்கில் ஆம்பிளைகள் பார்க்க அவிழ்த்துப் போட்டுக் குளித்தவள் என்று. மாமியார் அவள் பாத்திரத்தைத் தனியாக வைக்கிறாள். புருஷன் சாலமன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் பதிலாவது சொல்லியிருக்கலாம், அவன் பேசுவதையே நிறுத்திவிட்டான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் அவள் பக்கத்து இடம் காலியாக இருக்கிறது.

கன்னியப்பன் பையை நீட்டினான். அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். கை நீட்டவில்லை.

"இங்க குடுத்தா யாருக்குத் தெரியும்? எங்கேர்ந்து எடுத்துட்டுப் போனீங்களோ, அங்க வச்சுக் குடுங்க."

"தனக்கோடி..."

"நீங்க நீஞ்சலைன்னு நான் யாருகிட்டயும் சொல்லணும்னு இல்ல. நான் ஏன் தண்ணியிலயே நின்னேன்னு மட்டும் சொன்னா போதும்."

ஒன்றைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டிவரும் என்பது இருவருக்கும் தெரியும். அவள் வரிசைக்குத் திரும்பிப் போய்க் கடைசி இடத்தில் நின்று மிதிக்கத் தொடங்கினாள்.

மறுநாள் வளைவில் கோரையை வெட்டிச் சுத்தம் செய்து பந்தல் போட்டிருந்தார்கள். இருநூறு பிள்ளைகள் கரையில் உட்கார்ந்தார்கள். பூஜா முதல் வரிசையில் இருந்தாள், தலையில் புதுசாக ரிப்பன். சிவப்பிரகாசம் பேசி முடித்து மைக்கைக் கன்னியப்பன் கையில் கொடுத்தார்.

"அன்னிக்கு அந்தக் குழந்தையைக் காப்பாத்துனது நான் இல்ல" என்றான் கன்னியப்பன். அவன் குரல் ஒலிபெருக்கியில் பெரிதாக ஒலித்து அவனுக்கே அந்நியமாக இருந்தது. "இங்க வேலை செஞ்ச தனக்கோடின்னு ஒரு அம்மா. அவங்கதான் என்னையும் இழுத்துப் போட்டாங்க."

சிவப்பிரகாசம் சிரித்தபடி மைக்கை வாங்கிக்கொண்டார். பிள்ளைகளே, இதற்குப் பெயர்தான் தன்னடக்கம், தன்னோடு வேலை செய்தவர்களுக்கும் பங்கு கொடுக்கிறார் பாருங்கள் என்றார். இருநூறு பேரும் கைதட்டினார்கள். பூஜா எல்லாரையும்விட ஓங்கித் தட்டினாள்.

அந்தக் கைதட்டல் முடிவதற்குள் அவனுக்குப் புரிந்துவிட்டது. வாயால் சொல்வதை யாரும் நம்பப் போவதில்லை. குப்பத்தில் பிறந்தவன் என்கிற ஒன்றே அவன் பேச்சை விடப் பெரிதாக நின்றது.

பையிலிருந்து புடவையை எடுத்தான். ஒரு முனையை மணிக்கட்டில் இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டான். மறுமுனையைக் கொண்டுபோய் முதல் வரிசைப் பிள்ளைகளிடம் கொடுத்தான். விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னான். யாரோ பொம்மையை எறிந்தார்கள். அவன் பொம்மையைப் பார்க்காமல் இறங்கினான். முழங்கால், இடுப்பு, மார்பு, கழுத்து. அடுத்த அடியில் தரை இல்லை.

தெரிந்தே போனாலும் உடம்புக்குத் தெரியவில்லை. அது அன்றைக்குச் செய்ததையே செய்தது. உதைத்தது, கொடியில் சிக்கியது, தண்ணீரைக் குடித்தது. மேலே வந்தபோது பிள்ளைகள் சிரிப்பது கேட்டது. நடிக்கிறான் என்று நினைத்துவிட்டார்கள். இன்னொரு முறை மூழ்கி எழுந்தபோது சிரிப்புக்கு நடுவே ஒரு குரல் மட்டும் சிரிக்கவில்லை.

"இழுங்கடி. இழுங்க. எங்கப்பா முழுகறாரு."

புடவை விறைத்தது. எட்டாம் வகுப்புப் பெண்கள் தேர் வடம் இழுக்கிற மாதிரி இழுத்தார்கள். அவன் கால் தரையைத் தொட்டது. கழுத்தளவுத் தண்ணீரில் நின்று இருமினான், மூக்கிலும் வாயிலும் ஏரி வழிந்தது. கரையில் சத்தம் அடங்கிவிட்டது. சிவப்பிரகாசம் கையிலிருந்த மைக்கைக் கீழே இறக்கினார்.

ஏறி வரச் சொல்லி வாத்தியார் ஒருவர் கை நீட்டினார். கன்னியப்பன் ஏறவில்லை. நின்ற இடத்திலிருந்தே சொன்னான். மைக் இல்லாமல், மூச்சு வாங்க வாங்க, முன்பின்னாகச் சொன்னான். தான் இப்படித்தான் அன்றைக்கும் முழுகினது. அந்தம்மா புடவையை உருவிப் போட்டுவிட்டு இறங்கினது. இந்த முனையை வீசினது. குழந்தையைத் தன் தோளில் வைத்தது. மானத்துக்குப் பயந்து இதே இடத்தில் கழுத்துவரை தண்ணீரில் நின்றது. புடவையைக் கேட்டது, தன் காதில் விழுந்தும் திரும்பாமல் போனது. நோட்டில் புகார் வந்தபோது, அவளும் தண்ணீரில்தான் இருந்தாள் என்று சொன்னது. அதைச் சொல்லும்போது மட்டும் தலையைக் குனிந்துகொண்டான்.

அங்கிருந்து பார்க்கும்போது கரையில் நிற்கிறவர்களின் கால்கள்தான் முதலில் கண்ணுக்குப் படுகின்றன. முகங்களைப் பார்க்க அண்ணாந்தாக வேண்டும். அவன் அண்ணாந்தான். பேனரில் மஞ்சள் பனியன் போட்டவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தான். அதற்குக் கீழே பூஜா நின்றாள். புடவையின் முனை இன்னும் அவள் கையில் இருந்தது. அவளுடைய சிநேகிதிகள் விட்டுவிட்டார்கள், ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பூஜாவின் காதுமடல்கள் சிவந்திருந்தன. அவள் அழவில்லை.

"அப்புறம் அந்த அக்கா எப்படிப்பா வெளிய வந்தாங்க?" என்று கேட்டாள்.

நேற்று உப்பளத்தில் அவளுக்கு எதிரில் நின்றபோதுகூட அவன் கேட்காதது அது.

"தெரியலம்மா" என்றான். "நான் திரும்பிப் பாக்கல."